பன்றிக்குட்டியும் ஆதிப்புள்ளியும்

2004 ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை. இடம்: புதுச்சேரி, கடற்கரைக்குச் சற்றுத் தள்ளி, மரங்கள் சூழ்ந்த ஒரு மண் திடல். நிகழ்வு: பெத்தாங் போட்டியின் இறுதி ஆட்டம். முற்பகலில் இரு தரப்பும் பன்னிரண்டு புள்ளிகளில் சமமாக நின்றன. பதின்மூன்றாவது புள்ளி யாருக்கு என்பதில் ஐயம் எழுந்தது. அளந்து சொல்ல வெளியாள் ஒருவர் அழைக்கப்பட்டார். அவர் தம் கருவிகளைக் கொண்டுவந்து அளந்தார். முடிவு அறிவிக்கப்பட்டது. முடிவு தவறு. எதிலிருந்து அளக்கப்பட்டதோ அந்தப் பொருள் பின்னர் சாக்கடை ஓரத்தில் கண்டெடுக்கப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

அந்த வெளியாள் நான்.

கணிதம் படித்தவனிடம் உறவினர்கள் பெரிதாக எதையும் எதிர்பார்ப்பதில்லை. புதிய அலமாரி அறைக்குள் நுழையுமா என்று சொன்னால் போதும். நான் அதிலும் தோற்றவன் (அந்த அலமாரி இன்றும் கூடத்தில்தான் நிற்கிறது). வடிவியல் ஆராய்ச்சிக்காகப் பாரீஸில் எனக்கு முனைவர் பட்டம் கொடுத்தார்கள். அந்த ஆராய்ச்சி முழுவதிலும் ஒரு தடவைகூட அளவுகோலைத் தொடவேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை என்பதை அப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஊர் திரும்பிக் கல்லூரியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதினேன். கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை. புள்ளிக்கு இடம் உண்டு, அளவு இல்லை.

இந்த இரண்டு வாக்கியங்களும் என் மனைவியின் குடும்பத்தில் ஆளுக்கொரு சண்டையை மூட்டிவிட்டன.

கோட்டுச் சண்டை முந்தியது. என் மனைவி செலினுக்கு ஒரே அண்ணன், அந்துவான். பிரெஞ்சு ராணுவத்தில் பணி முடித்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். எங்கள் ஊரில் இத்தகையவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள். நெல்லித்தோப்பில் இருந்த அவர்களுடைய அப்பா வீட்டை அண்ணனும் தங்கையும் பிரித்துக்கொள்ள வேண்டிவந்தது. மனை நான்கு பக்கமும் கோணலானது. குடும்பத்திலேயே ஒரு வடிவியல் அறிஞர் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்றார் மச்சான். நான் ஒரு வாரம் உழைத்து, பரப்பு நான்காம் தசமம்வரை சமமாக வரும்படி குறுக்கே ஒரு கோடு வரைந்து கொடுத்தேன். அவர் அந்தத் தாளை நீண்ட நேரம் பார்த்தார்.

“மாப்ள, மதிலு ஒம்போது அங்குலம் வரும். அது யாரு பங்குல நிக்கும்?”

“மச்சான், கோட்டுக்கு அகலம் கிடையாது.”

“கோட்டுக்குக் கெடையாது. செங்கல்லுக்கு இருக்குல்ல.”

அது என் துறை அல்ல என்று சொல்லிவிட்டேன் (அப்படியே சொன்னேன், இதே சொற்களில்). மதில் எழும்பியது. கொத்தனாருக்கு எந்தப் பக்கம் நின்று வேலை செய்ய வசதியோ அதற்கு எதிர்ப்பக்கத்தில், அதாவது முழுக்க மச்சானின் பங்கில். இனி எங்கள் வாசற்படி மிதிப்பதில்லை என்று சொல்லி, அன்றோடு அவர் எங்கள் இருவரிடமும் பேசுவதை நிறுத்தினார். நான்கு ஆண்டுகள். மதிலுக்கு அப்பால் அவர் தும்மினால் செலினுக்குக் கேட்கும். அவள் கறி தாளித்தால் அவருக்கு மணக்கும். அண்ணனும் தங்கையும் ஒன்பது அங்குலத் தொலைவில் வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்தார்கள்.

இனிப் புள்ளிச் சண்டை.

பெத்தாங் என்பது வயதான ஆண்கள் இரும்புக் குண்டுகளை எறிந்து விளையாடும் பிரெஞ்சு ஆட்டம். முதலில் எலுமிச்சங்காயினும் சிறிய ஒரு மர உருண்டையை உருட்டிவிடுவார்கள். பிரெஞ்சில் அதன் பெயருக்குப் பன்றிக்குட்டி என்று பொருள். எங்கள் ஊர் ஆட்டக்காரர்கள் சுருக்கமாகக் ‘குட்டி’ என்பார்கள். எவனுடைய குண்டு குட்டிக்கு மிக அருகில் நிற்கிறதோ அவனுக்குப் புள்ளி. முதலில் பதின்மூன்று புள்ளி எடுப்பவனுக்கு வெற்றி. ஆட்டம் இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் விவாதம்.

பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினான்காம் தேதி விழாவை ஒட்டி ஆண்டுதோறும் ஒரு போட்டி நடக்கும். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்துக்கு அந்துவான் மச்சான் முன்னேறியிருந்தார். எதிரணியில் முசியே கப்ரியேல். அவரே ஆட்டச் சங்கத்தின் தலைவர். விதிப்புத்தகத்தின் ஒரே பிரதியும் அவரிடம்தான் இருந்தது. அதை அவர் யாருக்கும் இரவல் தந்ததாகத் தகவல் இல்லை.

செலின் காலையிலேயே என்னைத் தயார் செய்தாள்.

“போயி சும்மா நில்லுங்க. அண்ணன் கண்ணுல படற மாதிரி நில்லுங்க. ஜெயிச்சா மனசு எளகியிருக்கும். அப்ப மெதுவா, சாப்புட வாங்க மச்சான்னு மட்டும் கூப்புடுங்க.”

“வேற ஏதாவது பேசலாமா?”

“வேணாம்.”

“ஆட்டத்தைப் பத்தி?”

“எதப் பத்தியும் வேணாங்க.”

வஞ்சிரம் வாங்கி வைத்திருந்தாள். அண்ணன் ஒருநாள் தன் மேசையில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்பதைத் தவிர அந்த நான்கு ஆண்டுகளில் அவள் என்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை. அந்தப் பொறுப்பை என் கையில் கொடுத்து அனுப்பினாள். கணித அறிஞரின் மனைவியாக இத்தனை காலம் வாழ்ந்தும் அவளுக்கு மனிதர்கள்மீது நம்பிக்கை மிச்சமிருந்தது.

நான் சென்று வேப்பமரத்தடியில் சும்மா நின்றேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. ஆட்டம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று வந்து, எல்லாக் குண்டுகளும் எறியப்பட்டு முடிந்தபோது, நடுவில் குட்டி. வலப்பக்கம் கப்ரியேலின் குண்டு. இடப்பக்கம் மச்சானின் குண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒரே தூரம். மச்சானின் குண்டுக்கும் குட்டிக்கும் இடையில் வேறொரு குண்டு குறுக்கே கிடந்ததால் அளவு நாடாவை நேராக இழுக்க முடியவில்லை. வழக்கமாக அந்தக் குறுக்குக் குண்டு கிடந்த இடத்தை மண்ணில் கீறிக் குறித்துவிட்டு, அதை எடுத்துவிட்டு அளப்பார்கள். ஆனால் வழக்கமான நடுவருக்கு அன்று காய்ச்சல்.

“அத எடுத்தா மண்ணு சரியும். நான் ஒத்துக்கமாட்டேன்” என்றார் கப்ரியேல்.

“நீ டேப்பு புடிச்சா நான் ஒத்துக்கமாட்டேன்” என்றார் மச்சான்.

“நான் பிரெசிதான், சங்கத்துக்கே தலைவன்.”

“அதனாலதான் சொல்றேன்.”

இந்த இடத்தில் மச்சானின் பார்வை வேப்பமரத்தடிக்கு வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் செலின் சொன்னபடி கண்ணில் பட்டேன்.

“மாப்ள, நீங்க கணக்குல டாக்டராச்சே. வந்து ஒரு வழி சொல்லுங்க.”

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் சொல் ‘மாப்ள’. அறிவுள்ளவன் அந்தக் கணத்தில் நாடாவை வாங்கி, குறுக்குக் குண்டை எடுத்துவைத்து அளந்து, இரண்டு நிமிடத்தில் விவகாரத்தை முடித்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பான். நானோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குண்டுகளை ஒரு முறை சுற்றிவந்தேன்.

“யாரும் எதையும் தொடாதீங்க. ஆயத்தொலைவு வச்சிக் கண்டுபிடிச்சிடலாம்.”

“என்னா வச்சி?”

“ரெண்டு அச்சு போதும் மச்சான். நடுவுல என்ன குறுக்கே கிடந்தாலும் கவலையில்லை.”

சொன்னதில் தவறில்லை. ஒரு புள்ளி எவ்வளவு வலப்பக்கம், எவ்வளவு மேலே என்று இரண்டு எண்கள் தெரிந்தால், ஆதிப்புள்ளியிலிருந்து அதன் தூரத்தை நேரில் அளக்காமலே கணக்கிட்டுவிடலாம். ஒன்பதாம் வகுப்புப் பாடம். கருவிகளைக் கொண்டுவர ஸ்கூட்டரில் வீட்டுக்குப் பறந்தேன்.

செலின் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, பாதியில வந்துட்டீங்க?”

“மச்சான் என்கிட்ட பேசினாரு.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “என்னன்னு?”

“மாப்ளன்னு. அளந்து சொல்லச் சொன்னாரு.”

கையைத் துடைத்துக்கொண்டு போய் மேசையில் மூன்றாவது தட்டை எடுத்து வைத்தாள். திரும்பி வந்தபோது நான் கரும்பலகைக்கான பெரிய மர மூலைமட்டத்தையும் கவராயத்தையும் ஒரு நூற்கண்டையும் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். அந்த மூலைமட்டத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

“டேப்பு வச்சே அளங்களேன்.”

“அது துல்லியமா இருக்காது செலின்.”

“நீங்க துல்லியமா அளந்தப்பதாங்க அண்ணன் பேச்ச நிறுத்துச்சி.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். (என்னிடம் பதில் இருந்தது, நேரம்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.)

திடலில் குட்டியை ஆதிப்புள்ளியாக வைத்துக்கொண்டேன். சுற்றிலும் மண்ணில் ஏகப்பட்ட கீறல்கள். குட்டியோ குண்டோ தவறி நகர்ந்தால் திருப்பி வைப்பதற்காக ஆட்டக்காரர்கள் கீறி வைத்த அடையாளங்கள் அவை. எனக்கோ பாடம் தொடங்குமுன் பலகையை அழித்துப் பழக்கம். ஷூவால் அத்தனையையும் சுத்தமாகத் தேய்த்து அழித்தேன். பிறகு வேப்பமரத்தில் ஓர் ஆணி அடித்து, அதிலிருந்து ஸ்கூட்டர் வரை ஒரு நூல். அது x-அச்சு. பெஞ்சுக் காலிலிருந்து தலைவரின் நாற்காலி வரை இன்னொரு நூல். அது y-அச்சு. இரண்டும் செங்குத்தாக, குட்டியின் தலைக்கு மேலே வெட்டிக்கொள்ளும்படி அமைக்க நேரம் பிடித்தது. வெயில் ஏறியது.

“என்னாங்க, கல்யாணப் பந்தலா?” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“துணி காயப்போடுவாரு போல” என்றார் இன்னொருவர்.

நான் மண்டியிட்டு, மூலைமட்டத்தைக் குண்டுகளின் உச்சியோடு ஒட்டிவைத்து, ஒவ்வொரு குண்டின் மையமும் அச்சுகளிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்தேன். கப்ரியேலின் குண்டு: வலப்பக்கம் இருபத்துநான்கு சென்டிமீட்டர், மேலே ஏழு. இருபத்துநான்கின் வர்க்கம் ஐந்நூற்று எழுபத்தாறு. ஏழின் வர்க்கம் நாற்பத்தொன்பது. கூட்டினால் அறுநூற்று இருபத்தைந்து. வர்க்கமூலம் சரியாக இருபத்தைந்து. விடை முழு எண்ணாக வந்ததும் இறைவனே அந்தக் குண்டை எறிந்திருப்பதாக எனக்குத் தோன்றியது.

“அடுத்தது மச்சானோடது. மைனஸ் பதினைந்து...”

“மைனஸா?” என்றார் மச்சான். “என் குண்டு எதுக்கு மைனஸு?”

“இடப்பக்கம் இருக்கு மச்சான். அவ்வளவுதான்.”

“இருவது வருஷம் சர்வீஸ் பண்ணிட்டு வந்தவன். எனக்கு மைனஸு. இங்க குந்திக்கினு இருந்தவனுக்குப் பிளஸ்ஸு.”

“சார் சரியாத்தான் சொல்றாரு, அப்படியே எழுதட்டும்” என்றார் கப்ரியேல். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குக் கணிதம் பிடித்திருந்தது.

வர்க்கப்படுத்தும்போது மைனஸ் மறைந்துவிடும் என்று மச்சானுக்கு விளக்கினேன். மறையப்போகிற மைனஸை முதலில் எதற்குப் போடவேண்டும் என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் அரைமணி நேர விடை ஒன்று உண்டு. அதில் ஒரு பகுதியைச் சொன்னேன். மைனஸ் பதினைந்து, மேலே இருபது புள்ளி இரண்டு. தூரம்: இருபத்தைந்து புள்ளி ஒன்று ஆறு. கப்ரியேலின் குண்டைவிட ஒன்றரை மில்லிமீட்டர் அதிகம்.

எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, முடிவை அறிவித்தேன். முதலில் தமிழிலும் பிறகு, யாரும் கேட்காமலே, பிரெஞ்சிலும்.

மச்சான் கத்தவில்லை. “ஒருதடவ டேப்பு வச்சிப் பாத்துடலாம் மாப்ள” என்றார், கொஞ்சம் இறங்கிய குரலில். அந்தக் குரலில் இருந்தது கோபம் அல்ல என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது என் பட்டத்தின்மீது விழுந்த அடியாகப் பட்டது.

“தேவையில்லை மச்சான்” என்று சொல்லி நான் கம்பீரமாகத் திரும்பினேன். x-அச்சு கணுக்காலில் சிக்கியது. என்னோடு சேர்ந்து ஸ்கூட்டரும் சாய்ந்தது. என் கையிலிருந்த மூலைமட்டம் ஆதிப்புள்ளியை அடித்தது. பன்றிக்குட்டி குதித்து, கூட்டத்தின் கால்களுக்கிடையே உருண்டு, சாலையோரச் சாக்கடையை நோக்கிப் போயிற்று.

எங்கே இருந்தது என்று காட்ட மண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. அத்தனையையும் நானே தேய்த்திருந்தேன்.

இந்நிலையில் எழுந்து மன்னிப்புக் கேட்பவர்கள் உண்டு. நான் எழுந்து கவராயத்தைக் கேட்டேன். இரண்டு குண்டுகளும் நகரவில்லை. குட்டி அவற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதும் என் கையில் இருக்கிறது. ஒவ்வொரு குண்டையும் மையமாக வைத்து அந்த அளவில் ஒரு வட்டம் போட்டால், இரண்டு வட்டங்களும் வெட்டும் இடம்தான் குட்டியின் இடம். போட்டேன். வட்டங்கள் வெட்டிக்கொண்டன, இரண்டு இடங்களில். எப்போதுமே இரண்டு இடங்களில்தான் வெட்டும். அதையும் நான் ஆண்டுதோறும் கற்பித்து வந்தேன்.

“இங்கதான் இருந்துது” என்றார் கப்ரியேல், ஒரு வெட்டுப்புள்ளியில் கால் வைத்து.

“அங்க இல்ல, இங்க” என்றார் மச்சான், இன்னொன்றில் நின்று.

எங்கே வைத்தாலும் தூரம் மாறாது, முடிவும் மாறாது, ஏனென்றால் அந்த வட்டங்களை வரைந்ததே என் பழைய விடைகளைக் கொண்டுதான் என்பதை அவர்கள் இருவரும் கவனிக்கவில்லை. நானும் மூன்றாவது தடவை விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். என் விடை சரியா என்று என் விடையிடமே கேட்டிருக்கிறேன். அது சரி என்று சொல்லிவிட்டது.

மச்சான் தம் குண்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துப் பையில் போட்டார்.

“வூட்டுக்குக் கோடு போட்டப்பவும் இதே மூஞ்சிதான் மாப்ள.”

“மச்சான், சாப்பாடு... செலின் வஞ்சிரம்...”

“கப்ரியேலு வருவான். அவனுக்குப் போட்டு அனுப்புங்க.”

வீட்டில் மூன்று தட்டுகள், இரண்டு பேர். செலின் பரிமாறினாள். மதிலுக்கு அப்பால் கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. அவள் கரண்டியோடு ஒரு கணம் நின்றாள். பிறகு மூன்றாவது தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகத்தான், அச்சுகளைப் பற்றி மட்டும் சற்று விரிவாக.

“எங்கேருந்து அளந்தீங்க?” என்றாள்.

“ஆதிப்புள்ளியிலருந்து.”

“அது இருக்கட்டும். குண்டுல எதுவரைக்கும்?”

“மையம் வரைக்கும். வேற எப்படி?”

“ஓரம் வரைக்குந்தாங்க அளப்பாங்க. அண்ணனுக்குக் கை பெருசு. எப்பவும் பெரிய குண்டுதான் வாங்கும். கப்ரியேலு குண்டு சின்னது. நீங்க பாக்கலயா?”

பார்த்தேன். ஒரு மணி நேரம் மண்டியிட்டு அந்தக் குண்டுகளைத்தான் பார்த்தேன். ஆனால் என் கண்ணுக்கு அவை குண்டுகளாகத் தெரியவில்லை. புள்ளிகளாகத் தெரிந்தன. புள்ளிக்கு அளவு இல்லை. மச்சானின் குண்டின் ஆரம் மற்றதைவிட மூன்று மில்லிமீட்டராவது கூடுதல் இருக்கும். மேசை விரிப்பில் விரலால் எழுதிக் கழித்துப் பார்த்தேன். மச்சான் வென்றிருந்தார்.

செலின் என் முகத்தைப் பார்த்தே விடையைத் தெரிந்துகொண்டாள். உதட்டைக் கடித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்தினாள், அதுவும் பயனில்லை. கண்ணில் நீர் வழிய, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

“என்னாடி சிரிப்பு அங்க?”

சிரிப்பு நின்றது. அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன்.

“அண்ணே, நீதான் ஜெயிச்சியாம்.”

“யாரு சொன்னா?”

“தோக்கடிச்சவருதான்.”

“எவ்ளோவுல?”

“எவ்ளோன்னு கேக்குது” என்றாள் என்னிடம், எனக்குக் காது கேட்காததுபோல.

“ஒரு மில்லிமீட்டர் சொச்சம்.”

“சொச்சம்னா?” என்றது மதில்.

“புள்ளி நாலு மச்சான்.”

“பரவால்லயே, இப்பவாவது தெரிஞ்சிதே.” அப்பால் மூக்கை உறிஞ்சும் ஓசை. “கொழம்பு வஞ்சிரமா?”

“வஞ்சிரந்தான். வாண்ணே, போட்டு வைக்கிறேன்.”

“வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொன்னவன் சொன்னவன்தான்.”

செலின் உள்ளே போனாள். கவிழ்த்த தட்டை நிமிர்த்திச் சோறும் குழம்பும் இரண்டு துண்டு மீனும் வைத்துக் கொண்டுவந்து, எட்டி, மதில் மேல் வைத்தாள். ஒன்பது அங்குல மதில் ஒரு சாப்பாட்டுத் தட்டைத் தாங்கும். விளிம்பு இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நிற்கும், விழாது. அப்பாலிருந்து ஒரு பெரிய கை வந்து தட்டை எடுத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு நான் திருத்திய கணக்கோடு திடலுக்குப் போனேன். முசியே கப்ரியேல் பொறுமையாகக் கேட்டு, கணக்கு சரி என்று ஒப்புக்கொண்டார். பிறகு விதிப்புத்தகத்தைத் திறந்து, நடுவர் திடலில் சொன்னதே இறுதி என்று வாசித்துக் காட்டினார். கோப்பை அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலேயே இருக்கிறது.

அதன்பின் எங்கள் குடும்பத்தில் என் கையில் யாரும் எதையும் பிரிக்கக் கொடுப்பதில்லை. லியோனில் இருக்கும் மகள் பிறந்தநாள் கேக் வெட்டும்போது, “அப்பாகிட்ட கத்தியக் குடுக்காதீங்க, அப்புறம் கேக்குக்கு அகலம் இல்லம்பாரு” என்கிறாள். அவள் கணவர் பிரெஞ்சுக்காரர், தமிழ் தெரியாது, ஆனால் சரியான இடத்தில் சிரிக்கிறார். மச்சான் வாசற்படி மிதிக்கவில்லை. தட்டு மட்டும் ஞாயிறுதோறும் மதிலேறிப் போய்வந்தது.

செலின் சென்ற நவம்பரில் காலமானாள். அன்று காலை மச்சான் வாசல் வழியாக வந்தார். கூடத்து அலமாரியில் இடித்துக்கொண்டார். கல்லறைத் தோட்டத்தில், இடம் தயார் செய்தவர்கள் நீளம் எவ்வளவு வேண்டும் என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார்கள். மச்சான் முன்னே வந்தார்.

“எங்க மாப்ளய மட்டும் அளக்கச் சொல்லாதீங்கப்பா.”

சுற்றி நின்ற உறவினர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலருடைய தோள்கள் குலுங்கின. எதனால் என்று நான் ஆராயவில்லை. அந்த நாளில் பேசப்பட்டவற்றில் எனக்கு முழுதாக நினைவிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

செய்யாமல் மீதமிருப்பவை:

வேப்பமரத்தில் அடித்த ஆணியைப் பிடுங்குவது.

செலினின் மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று மகள் கேட்டிருக்கிறாள், எழுதுவது. (எனக்குத் தெரியாது. மச்சானுக்குத் தெரிந்திருக்கலாம்.)

அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் கண் மருத்துவமனையில் கொடுப்பது.

மதிலை இடித்து நடுவில் ஒரு வழி விட்டுவிடலாம் என்கிறார் மச்சான். எந்த இடத்தில் என்று என்னையே கோடு போட்டுத் தரச் சொல்கிறார். சாக்பீஸ் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் போடவில்லை.